அந்த 10 ஆண்டுக் கணக்கை எப்போது அழிப்பீர்கள்?

பயண சுகாதாரப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்ற விதி 2016 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் வாங்கிய பழைய அட்டைகளுக்கும் அதேதான். உங்களுக்குத் தெரியாததில்லை. அப்புறம் ஏன் உங்கள் வழிகாட்டுதல் பக்கத்தில் இன்னும் "10 ஆண்டுகள் மட்டும்" என்றே கிடக்கிறது?

போன வாரம் விமான நிலையத்தில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். 2011இல் போட்ட ஊசிக்கான மஞ்சள் அட்டை கையில் இருந்தது, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாகவே இருந்தன. கவுண்டரில் இருந்தவர் உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டி, "காலாவதி ஆகிவிட்டதம்மா, புதுசாகப் போட்டுக்கொண்டு 10 நாள் கழித்து வாருங்கள்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நீங்கள் எழுதியதைத்தானே படித்தார். ஆனால் அம்மா இப்போது மூட்டுவாதத்துக்காக நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறார். இதுவோ வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி, அவரைப் போன்றவர்களுக்குப் போடவே கூடாது. அதாவது தேவையே இல்லாத ஒன்றை, போடக் கூடாத ஒருவரிடம் கேட்டிருக்கிறீர்கள். தங்கையின் பிரசவத்துக்குத் துணையாகப் போகக் கிளம்பியவர் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினார். குழந்தை உங்கள் திருத்தத்துக்காகக் காத்திருக்காது.

அந்த வரியை நீக்குங்கள், நான் கேட்பது அவ்வளவுதான்.

கை கழுவச் சொல்லும் படங்கள் மட்டும் அந்தப் பக்கத்தில் பளபளவென்று புதிதாக இருக்கின்றன, நன்றி, கழுவிக்கொள்கிறோம். மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரைக்கு "மருத்துவரை அணுகவும்" என்பதோடு முடித்துக்கொண்டீர்கள். ஊர் திரும்பிய பிறகும் அதை விடாமல் சாப்பிட வேண்டும், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம், அடோவாகோன்-புரோகுவானில் என்றால் 7 நாள் என்று சொல்ல இரண்டு வரி போதாதா? வந்து இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் எத்தனை பேரோ. பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதிகூட இல்லை, அதைப் போட்டால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும் போல.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: அந்த 10 ஆண்டு வரியை இந்த வாரமே நீக்கி, திருத்திய தேதியையும் போட்டு, விமான நிறுவனங்களின் கவுண்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள். அம்மாவுக்கு அடுத்த டிக்கெட் எடுக்க அதற்காகத்தான் காத்திருக்கிறோம்.