தண்டுவட நீர் காத்திருக்காது

அன்புள்ள கயல்,

மெல்பர்ன் ஆய்வகத்தில் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் (நோயெதிர்ப்பு அணுக்களே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) மாதிரிகளில் அந்த அணுக்களை எண்ணும் வேலையை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். சிங்கப்பூரில் இந்த நோய் அரிது. அங்கே உனக்குக் கை நிறைய வேலை இருக்கும்.

ரத்தமும், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீரும் ஒன்றாக வந்தால் நீரை முதலில் எடு. அதில் புரதம் குறைவு. அணுக்கள் சீக்கிரம் சாகும், குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் குழாயில் வாங்கி, ஒரு மணி நேரத்துக்குள் மையவிலக்கு எந்திரத்தில் 300 ஜி (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு) விசையில் 10 நிமிடம் சுழற்று. அடியில் படியும் அணுக்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கவிழ்த்து ஊற்றாதே. பிப்பெட்டால் மேலிருந்து உறிஞ்சி, 100 மைக்ரோலிட்டர் விட்டுவை.

ஒரு கணக்குப் போட்டுப் பார். மைக்ரோலிட்டருக்கு 4 வெள்ளணுக்கள் என்றால் 5 மில்லிலிட்டரில் மொத்தமே 20,000. ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 5,000 இருந்தால், ஊசி குத்தும்போது கலக்கும் 4 மைக்ரோலிட்டர் ரத்தமே அதே அளவைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பிறகு நீ எண்ணுவதில் பாதி ரத்தம்தான்! ரத்தக் கலப்பு குறைவாக இருக்கும் கடைசிக் குழாயைக் கேட்டு வாங்கு, சிவப்பணு எண்ணிக்கையையும் குறித்துவை. 700 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு என்று கழிக்கும் வழக்கம் மொத்த எண்ணிக்கைக்குப் போதும்; பி செல் (எதிர்ப்பொருள் உண்டாக்கும் வெள்ளணு வகை) விகிதத்தை அது காப்பாற்றாது.

நீரில் நினைவு டி செல்கள் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளணுக்கள்) குவிந்திருந்தால் உடனே நோய் என்று எழுதிவிடாதே. நலமாக இருப்பவர்களுக்கும் அப்படித்தான். டி செல்களில் ஒரு வகையான சிடி4 செல்களின் விகிதமும் ரத்தத்தைவிட நீரில் கூடுதல். இந்த நோயில் கூடுவது பி செல்களும், அவற்றிலிருந்து உருவாகும் பிளாஸ்மாபிளாஸ்ட்களும். ஆனால் 20,000இல் ஒரு சதவீதம் வெறும் 200. கழுவும்போது அதிலும் கொஞ்சம் போகும். அதை வைத்து உட்பிரிவு பிரிப்பது வீண் வேலை.

ரத்தத்தையும் அதே வேளையில் எடுக்கச் சொல், அணு வகைகளை அடையாளம் காட்டும் அதே ஆன்டிபாடிக் கலவையில் ஓட்டு. ஃபைக்கால் என்ற அடர்கரைசலில் பிரித்தால் ரத்தத்தின் நியூட்ரோஃபில்கள் (ஒரு வகை வெள்ளணு) போய்விடும் என்பதால், இரண்டிலும் விகிதத்தை லிம்போசைட்டுகளுக்குள்ளேயே (டி, பி செல்கள் சேர்ந்த வகை) கணக்கிடு.

படிவத்தில் மருந்தின் பெயர் இல்லையென்றால் கேட்காமல் விடாதே. நாட்டாலிசுமாப் போட்டவருக்கு அணுக்கள் மூளைப் பக்கம் நுழைய முடியாமல் ரத்தத்தில் கூடும், நீரில் குறையும். ஃபிங்கோலிமாட் லிம்போசைட்டுகளை நிணநீர் முடிச்சுகளிலேயே நிறுத்திவிடுவதால் ரத்தத்திலேயே குறையும். பி செல்களை அழிக்கும் ஓக்ரெலிசுமாப் என்றால் ரத்தத்தில் பி செல்லைத் தேடவே வேண்டாம்.

நீரில் வெள்ளணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 50ஐத் தாண்டி நியூட்ரோஃபில்களும் தெரிந்தால், இதைப்போலவே தோன்றும் வேறொரு நோயைக் காட்டும் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேள்.

அன்புடன்,
அம்மா