வத்தின கால்வாயும் என்ர கமராவும்

பாரிஸ்
பெப்ரவரி 2016

அன்பு மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. மகளுக்கு மொரட்டுவைக் கம்பஸில இடம் கிடைச்சது பெரிய சந்தோசம், என்ர வாழ்த்தைச் சொல்லு. அம்மாவின்ர கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சதே? இங்க எல்லாரும் சுகம்.

வேலை இல்லாத நாளெல்லாம் நான் கமராவோட கால்வாய்க் கரையிலதான். எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில இருந்து நடக்கிற தூரத்தில சென் மார்த்தன் கால்வாய் இருக்கெல்லே, அதை ஜனவரியில வத்த விட்டிட்டாங்கள். மதகுகளைத் திருத்தி, அடியைத் துப்புரவாக்கப் பத்துப் பதினைஞ்சு வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற வேலை. 90,000 கன மீற்றர் தண்ணி. கொஞ்சத் தண்ணி மிச்சம் இருக்கேக்க வலை போட்டு மீனை எல்லாம் பிடிச்சு வேற இடத்தில விட்டாங்கள். பிறகு வெறும் சேறு. எங்கட வளவில கிணறு இறைக்கேக்க, தொலைஞ்ச வாளியும் பந்தும் வெளிய வர, கட்டைப் பிடிச்சுக்கொண்டு எட்டிப் பாப்பமே, அதுபோலத்தான் இங்க பாலம் வழிய சனம்.

போன வருசம் நவம்பர் 13 இல பயங்கரவாதியள் ஆக்களைச் சுட்டுக் கொன்ற கடையள் ரண்டு இந்தக் கரைக்குக் கிட்டத்தான் இருக்கு. அதுக்குப் பிறகு இந்தப் பக்கம் ஆக்கள் திரும்பக் கூடி நிண்டு கதைக்கிறதைக் காண மனசுக்கு ஆறுதலா இருந்தது.

அடியில என்ன கிடக்கெண்டு கேப்பாய். வாடகைக்கு விடுற வெலிப் சைக்கிள்கள், ஸ்கூட்டர், சுப்பர்மார்க்கெட் வண்டில், கதிரை, கணக்கில்லாத போத்தல். இந்தக் கால்வாயை வெட்டச் சொல்லி 1802 இல நெப்போலியன் உத்தரவு போட்டது, நகரத்துக்கு நல்ல தண்ணி கொண்டுவர. வைனுக்கு வரி போட்டுத்தான் காசு சேத்தவங்களாம். 1825 இல திறந்திருக்கிறாங்கள்.

போன தடவை இறைச்சது 2001 இல. அப்ப 40 தொன் குப்பை அள்ளினவங்கள், அதுக்குள்ள 75 மில்லிமீற்றர் பீரங்கி ஷெல்லும் ரண்டு. நான் இந்த ஊருக்கு வந்ததும் அந்த வருசம்தான். அப்ப யோசிச்சுப் பார், இண்டைக்கு நான் பாக்கிற சாமான் அநேகமா எல்லாம் நான் இங்க வாழ்ந்த காலத்தில விழுந்தது. வெலிப் 2007 இலதான் வந்தது. ஒரு சைக்கிளுக்குக் கீழ ஒரு கதிரை புதைஞ்சு கிடந்தா, எது முதல் விழுந்ததெண்டு ஓரளவுக்குச் சொல்லலாம்.

அதாலதான் கிறேன் வந்து தூக்க முதல் படம் எடுக்கவேணும் எண்டு ஓடித் திரியிறன். தூக்கிக் கரையில வைச்சா அது வெறும் பழைய இரும்பு. கிடந்த இடத்தில கிடந்தாத்தான் கதை தெரியும். நடைபாலத்துக்குக் கீழ சைக்கிள்கள், மேல இருந்து தள்ளி விட்டது. கோடையில பொடியள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிற கரையோரத்தில போத்தல்.

எடுக்கிறது லேசில்லை மச்சான். சேறு எல்லாத்தையும் ஒரே நிறமாக்கிப்போடும். மப்பு நாளில எது சில்லு, எது கல்லு எண்டு படத்தில பிரிக்கேலாது. காலமை வெயில் சரிஞ்சு விழேக்க மட்டும் ஒவ்வொரு கம்பிக்கும் நிழல் எழும்பும். மினுக்கத்தைக் குறைக்கிற போலரைசர் கண்ணாடியை லென்சில போட்டுப் பாத்தன், ஈரத்தின்ர மினுக்கம் போச்சுது, அதோட உருவமும் போச்சுது. கழட்டிப்போட்டுத்தான் எடுக்கிறன். ஒரு சைக்கிளின்ர மணி மட்டும் சேத்துக்கு மேல நிண்டது, அதில வானம் தெரிஞ்சது. அந்தப் படம்தான் எனக்குப் பிடிச்சது. இதோட வைச்சிருக்கிறன்.

மற்றப் படங்களையும் பார். நீ ஸ்டூடியோ வைச்சிருந்தவன், உனக்குத்தான் விளங்கும்: கலரிலயே விடட்டோ, கறுப்பு வெள்ளை ஆக்கட்டோ? எனக்கெண்டா கலர்தான் சரியெண்டு படுது, அந்த மண் பச்சை போனா சேறு சேறாத் தெரியாது. வசந்தத்தில திரும்பத் தண்ணி விடப்போறாங்கள். அதுக்கு முதல் உன்ர பதில் வந்தா, விட்ட இடங்களைப் போய் எடுப்பன்.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி