பழைய மோட்டார் விற்கும் 'நிலை'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில், பழைய விளையாட்டாளர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்ற பக்கத்தில் ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. அதன் கடைசி வரி: "ஃபார்முலா ஒன்னில் ஒரு புள்ளிகூட எடுக்காத இவர், இன்று பழைய மோட்டார்சைக்கிள் விற்கும் நிலைக்கு வந்துவிட்டார்."

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருபத்தாறு வருடமாகப் பழைய மோட்டார் விற்கிறவன். கடையைத் திறந்து, தே தாரிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். எந்த நிலை ஐயா அது? என் மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "உங்களைத்தான் சொல்றாங்க போல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் புள்ளிக் கணக்கு. தங்களுக்குத் தெரியாததா? 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். டயர் தாங்காது என்று மிஷலின் நிறுவன டயர் போட்ட 14 கார்களும் ஒதுங்கிவிட, 6 கார்கள்தான் ஓடின. ஜோர்டன் காரில் நரேன் நான்காவது. 5 புள்ளி. ஆறில் நான்காவது பெரிய காரியமா என்று கேட்டால் கேளுங்கள், அது உங்கள் அபிப்பிராயம். ஐந்தைச் சுழியமாக்குவது அபிப்பிராயம் இல்லை, பிழை. இதே பத்திரிகைதான் முன்பொரு முறை இன்னொரு பந்தய வீரரான கருண் சந்தோக்கின் படத்தைப் போட்டு, கீழே நரேன் என்று எழுதியது. இருவரும் தலைக்கவசம் போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

2012 மார்ச்சில் நம் செப்பாங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயம் நினைவிருக்கும். நானும் என் மைத்துனரும் புல்மேட்டில் இருந்தோம். அன்றைய மழை! ஐந்து வெள்ளி பிளாஸ்டிக் மழைச்சட்டைக்குள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசி வரிசையில் புறப்பட்ட நரேன், முதலிலேயே கனமழை டயரைப் போட்டிருந்ததால், மற்றவர்கள் டயர் மாற்ற ஓடிய நேரத்தில் விறுவிறுவென்று மேலே வந்தார். சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தியபோது பத்தாவது இடம். எப்போதும் பின்வரிசையில் கிடக்கும் எச்ஆர்டி அணியின் காரில்! அந்தக் காரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இது புரியும். பந்தயம் மறுபடி தொடங்கிய பிறகு பட்டன் என்ற ஓட்டுநர் வந்து இடித்தார், தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். வெட்டல் என்ற இன்னொரு ஓட்டுநரோடு உரசியதற்கு நரேனுக்கு 20 வினாடி அபராதம் விழுந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வெட்டல் கோபத்தில் அவரை வெள்ளரிக்காய் என்றார் பாருங்கள், மறுநாள் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அது மட்டும்தான் கொட்டை எழுத்தில் இருந்தது. பத்தாவது இடம் எங்கே போனது என்று கேட்டு அன்றே எழுதினேன். பதில் இல்லை. 2017இல் செப்பாங்கில் கடைசி ஃபார்முலா ஒன் ஓடியபோது, பழைய பத்து தீகா பந்தயத் திடல் காலத்திலிருந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் என்ற முறையில் இன்னொரு கடிதம் எழுதினேன். அதுவும் வரவில்லை. அந்த வாரம் ஒரு நடிகையின் திருமணப் புடவைக்கு முழுப் பக்கம் போயிருந்தது, இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

2019இல் நிக்கி லவுடா இறந்தபோது தாங்கள் எழுதிய தலையங்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். மூன்று முறை உலகச் சாம்பியன், சொந்த விமான நிறுவனம் நடத்தியவர், தொழில் மேதை என்றெல்லாம் இருந்தது. உண்மைதான், பெரிய மனிதர். வெள்ளைக்காரர் விமானம் வாங்கினால் மேதை. கோயம்புத்தூர்க்காரர் மோட்டார் விற்றால் 'நிலை'. அந்த விற்பனையும் தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை ஆளாக நடப்பதில்லை. டிரைவ்எக்ஸ் என்று பழைய மோட்டார்சைக்கிள் விற்கும் நிறுவனத்தை 2020இல் தொடங்கினார். 2022இல் டிவிஎஸ் மோட்டார் அதில் கிட்டத்தட்ட பாதிப் பங்கை வாங்கியது. அதைத் தொடங்குவதற்கு முந்தைய வருடங்களில் அவர் சும்மா இருந்தாரா? ஜப்பானில் ஓட்டிக்கொண்டிருந்தார், 42 வயதில் ஃபுஜியில் ஜெயித்தார்.

தகரக் கூரைக்குக் கீழே ஒற்றை ஆளாக நடத்துவது என்னுடையது. அதைப் பற்றியும் கேளுங்கள். ஒரு பையன் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரைக் கொண்டுவருவான். மீட்டர் 9,000 கிலோமீட்டர் காட்டும். நான் மீட்டரைப் பார்ப்பதில்லை. குனிந்து கியர் மிதியின் ரப்பரைத் தொட்டுப் பார்ப்பேன். சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கும். ஒன்பதாயிரத்தில் தேய்கிற ரப்பரா அது? 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஷா ஆலம் பக்கமிருந்து பளபளவென்று கழுவித் துடைத்த மோட்டார்கள் வந்தன. ஏர்ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அப்படி ஒன்றைக்கூட நான் வாங்கி விற்றதில்லை. என்னிடம் வாங்குகிறவர்கள் ஜாகா (காவல்) வேலைக்குப் போகிறவர்கள், தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிற பெண்கள். பாதி வழியில் நின்றுவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு. இந்தத் தொழிலை ஒருமுறை வங்கியில் சொல்லிக் கடன் கேட்டபோது, கவுண்டரில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டார். அந்தப் பேனா மூடிய சத்தம்தான் ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறுபடி கேட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தங்கள் பத்திரிகையை விடியற்காலையில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) வீடு வீடாகப் போடுகிற தம்பி ஓட்டுவது என் கடையில் வாங்கிய மோட்டார்தான். அந்தப் பெட்டிச் செய்தி என் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் அதில்தான்.

தலையங்கம் கேட்கவில்லை. மன்னிப்பும் வேண்டாம். நரேன் கார்த்திகேயன் 2005இல் 5 புள்ளி எடுத்தார் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி. அன்றைய பிரதியில் ஐந்து கூடுதலாக வேண்டும், காசு கொடுத்துவிடுகிறேன். அந்தத் தம்பியிடமே கொடுத்தனுப்பலாம். பின் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, மாற்றிக்கொள்ள எப்படியும் கடைக்கு வருவான்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகன், பழைய மோட்டார் வியாபாரி,
செந்தூல், கோலாலம்பூர்