பூண்டி நீர்த்தேக்கம், அல்லிக்குழி காடு, குடியம் குகை: நடைவழிகளை ஒழுங்குபடுத்தித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் பகுதிகளில் வசிக்கும் நடைப்பயண ஆர்வலர்கள்,
சென்னை.

பெறுநர்:
முதன்மைத் தலைமை வனப் பாதுகாவலர் அவர்கள்,
தமிழ்நாடு வனத்துறை,
சென்னை.

பொருள்: திருவள்ளூர் மாவட்டம், பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டியும் அல்லிக்குழி வனப்பகுதியிலும் உள்ள நடைவழிகளை அடையாளமிட்டு, பாதுகாப்பு ஏற்பாடுகளுடன் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு ஒழுங்குபடுத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் சென்னையின் மேற்கு, வடக்குப் பகுதிகளில் குடியிருப்பவர்கள். வங்கி ஊழியர், ஆசிரியர், தொழிற்சாலைத் தொழிலாளி, ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவர் என எல்லாரும் எங்களில் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து நடப்பதுதான் எங்களை இணைத்தது. மலை ஏற வேண்டும் என்று சென்னையில் ஒருவருக்குத் தோன்றினால், ஒன்று இரவுப் பயணம் செய்து ஏலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் போக வேண்டும். இல்லாவிட்டால் எல்லை தாண்டி ஆந்திராவின் நாகலாபுரத்துக்கும் தடாவுக்கும் போக வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், நம் மாநிலத்துக்குள்ளேயே, அணை, ஆற்றுப் பள்ளத்தாக்கு, காடு, குன்று நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த மனு.

கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தியின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அதன் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் வந்து சேர்கிறது. நாங்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஏரியிலிருந்து வருகிறது. ஆனால் அந்த ஏரியை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத சென்னைவாசிகள்தான் அதிகம். அணை கட்டியபோது பாடல் பெற்ற தலமான திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போனது. ஊன்றீஸ்வரர் கோயில் இடம்பெயர்ந்து இப்போது பூண்டியில் இருக்கிறது. பார்வை இழந்து வந்த சுந்தரர் ஊன்றுகோல் பெற்ற தலம் அது. பூண்டிக்கு வருபவர்களில் பலர் அந்தக் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, அணையைப் பார்த்துவிட்டு, மீன் வறுவல் வாங்கிச் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அப்பால் அல்லிக்குழி காடு இருப்பது தெரியாது. தெரிந்தாலும் போக வழி தெரியாது.

அந்தக் காட்டின் பெருமையைத் தங்களிடம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கலாம். இருந்தாலும் எங்கள் கோரிக்கையின் அடிப்படையே அதுதான் என்பதால் சொல்லியாக வேண்டும். 1863 மே மாதம் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் முதல் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அவர் வந்து சேர்ந்த இடம், பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள அத்திரம்பாக்கம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே இந்த இரண்டு இடங்களிலிருந்துதான் தொடங்கியது. பிற்காலத்தில் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அத்திரம்பாக்கத்தில் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. இடைப் பழைய கற்காலம் எனப்படும் அடுத்த கட்டக் கருவி மரபு அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது 2018-இல் வெளிவந்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட முடிவுகள் இவை.

அந்தக் காட்டுக்குள் உள்ள குடியம் குகைக்குப் போனால் இது ஏடுகளில் உள்ள செய்தியாகத் தெரியாது, கண் முன்னால் தெரியும். சீத்தஞ்சேரிப் பக்கமிருந்து முள்காட்டுக்குள் இறங்கி ஏறும் வழி அது. காரையும் சூரையும் சட்டையைப் பிடித்து இழுக்கும். கால் வைக்கும் இடமெல்லாம் உருண்டையான கூழாங்கற்கள், வழவழவென்று, முட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. ஆறு ஓடாத மேட்டுநிலத்தில் ஆற்றுக்கல் எப்படி வந்தது என்ற கேள்வி நடப்பவர்களுக்குத் தானாக எழும். பெரிய குகையை நெருங்கி அண்ணாந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும். குகையின் கூரையும் சுவரும் முழுக்க அதே கூழாங்கற்கள்தான், மண்ணோடும் மணலோடும் இறுகிப் பாறையாகி நிற்கின்றன. மழை அந்தப் பாறையை அரிக்க அரிக்கக் கற்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஆதிமனிதனுக்குக் கருவி செய்யத் தேவையான குவார்ட்சைட் கல் காலடியிலேயே கிடந்தது. குடிக்க நீர் கீழே பள்ளத்தாக்கில் இருந்தது. தங்க நிழல் இருந்தது. ஏன் இங்கே வாழ்ந்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்களோடு வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் அந்தக் கூரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றான். பிறகு அவன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல எங்களில் யாருக்கும் போதிய அறிவு இல்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. மலையேறச் சென்றவர்களில் 23 பேர் காட்டுத் தீயில் சிக்கி இறந்தார்கள். அவர்களில் எங்கள் ஊரைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்ததும், 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுடன் தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியதும் மிகச் சரியான நடவடிக்கைகள். குடியம் குகை வழியையும் அதில் சேர்த்ததற்கு எங்கள் மனமார்ந்த நன்றி. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதை நாங்கள் ஆதரிக்கவில்லை, இனியும் ஆதரிக்க மாட்டோம். நாங்கள் கேட்பது, அந்த ஒரு வழியோடு நிற்காமல், பூண்டிப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே நடைப்பகுதியாக எண்ணித் திட்டமிட வேண்டும் என்பதே.

ஏன் என்றால், இப்போது இங்கே பல கைகள் இருக்கின்றன. காடு தங்கள் துறையிடம். ஏரியும் கரையும் நீர்வளத் துறையிடம். அகழாய்வு இடங்களும் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகமும் தொல்லியல் துறையினர் பொறுப்பில். கோயில் அறநிலையத் துறையிடம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரை வழியாக நடந்து, அருங்காட்சியகம் பார்த்து, அப்புறம் அத்திரம்பாக்கம் வரை போகலாமா என்று எங்களில் ஒருவர் கேட்கப் போனார். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வரவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை, யாரும் சரி என்று சொல்லவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் கடைசியில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனார்கள்.

அதனால் முதல் வேண்டுகோள், இந்தத் துறைகளின் அலுவலர்கள் ஒரு நாள் சேர்ந்து களத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்பது. வனத்துறை முன்னின்று அழைத்தால் மற்றவர்கள் வருவார்கள் என்று நம்புகிறோம். எந்தப் பாதை பொதுமக்களுக்கு, எது வழிகாட்டியோடு மட்டும், எங்கே யாரும் போகவே கூடாது என்ற மூன்றையும் அங்கேயே நின்று முடிவு செய்து, ஒரு வரைபடமாக்கிப் பூண்டியிலும் சீத்தஞ்சேரியிலும் பலகையில் வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பாதை அடையாளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடு மாடு மேய்ப்பவர்களும் விறகுக்குப் போகிறவர்களும் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடங்கள் இந்தக் காட்டில் ஏராளம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சிறிது தூரம் போனதும் இரண்டாகப் பிரியும், மறுபடி பிரியும். செல்போன் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. யாரோ நல்லெண்ணத்தில் பாறைகளில் பெயின்ட்டால் அம்புக்குறி போட்டிருப்பதைப் பார்த்தோம். வேறு சிலர் தங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பல லட்சம் ஆண்டு வரலாறு உள்ள பாறையில் பெயின்ட் தடவுவதை நினைத்தாலே மனம் பதறுகிறது. பிரியும் இடங்களில் மட்டும் சிறிய மரக்கம்பமோ கல்தூணோ நட்டு, எண்ணும் தூரமும் பொறித்தால் போதும். வழி தவறியவர் எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று சொன்னால் தேடிப் போகிறவர்களுக்கும் உதவும்.

தயவுசெய்து சிமென்ட் பாதை போட வேண்டாம். படிக்கட்டு, கம்பி வேலி, வண்ண விளக்கு, செல்ஃபி மேடை எதுவும் வேண்டாம். வசதி என்ற பெயரில் எத்தனையோ நல்ல இடங்கள் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறோம். கழிப்பறையும் குடிநீரும் நடைவழி தொடங்கும் இடத்தில் இருந்தால் போதும், காட்டுக்குள் தேவையில்லை. உள்ளே கொண்டு போகும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பக் கொண்டு வந்தால் பணத்தைத் தரும் முறையை இங்கேயும் நடைமுறைப்படுத்தலாம்.

கற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடைக்கரையில் கிடக்கும் ஒரு கல் சாதாரணக் கூழாங்கல்லா, மனிதன் செதுக்கிய கருவியா என்பது பழகாத கண்ணுக்குத் தெரியாது. வருகிறவர்கள் ஆசையில் எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்த கருவி, ஆய்வாளருக்குப் பாதி பேச்சிழந்தது. ‘பார்க்கலாம், தொடலாம், எடுக்கக் கூடாது’ என்று நுழைவிடத்திலேயே எழுதி வைக்க வேண்டும், வழிகாட்டியும் அதைச் சொல்ல வேண்டும். உண்மையான கைக்கோடரியைப் பார்க்க விரும்புகிறவர்களைப் பூண்டி அகழ்வைப்பகத்துக்கு அனுப்பலாம். 1985-இல் தொடங்கிய அந்த இடம் இன்னும் அதிகக் கூட்டத்துக்குத் தகுதியானது.

வழிகாட்டிகளாகச் சுற்றுவட்டார ஊர்களின் இளைஞர்களையும், குறிப்பாக இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களையும் கூடுதலாகச் சேர்த்துப் பயிற்சி தர வேண்டுகிறோம். எந்தப் புதரில் விரியன் படுத்திருக்கும், எந்தச் செடி காயத்துக்கு ஆகும், எந்த ஓடையில் மாசி மாதத்திலும் நீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குடியம் பாறையில் மலைத்தேனீக் கூடுகள் தொங்குகின்றன. கூச்சல் போட்டாலோ புகை வந்தாலோ என்ன ஆகும் என்பதைச் சென்னையிலிருந்து வரும் கூட்டத்துக்கு அவர்கள் சொன்னால்தான் உறைக்கும். அவர்களுக்கு நாள் கூலி தாமதமின்றிக் கையில் கிடைக்க வேண்டும். பாம்புக்கடி போன்ற அவசரத்துக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் ஏற்பாடும், பொறுப்பு வனவரின் தொலைபேசி எண்ணும் வரைபடப் பலகையிலேயே இருக்கட்டும்.

நீர்ப்பக்கத்து ஆபத்து காட்டுப்பக்கத்தைவிடப் பெரியது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி மதகுகளைத் திறக்கும்போது கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுகிறார்கள். ஆனால் காலையிலேயே ஆற்றுப்படுகைக்குள் இறங்கி நடந்துகொண்டிருக்கும் வெளியூர்க்காரர் காதில் அது விழாது. உபரிநீர் திறக்கப்படும் நாட்களில் ஆற்றையொட்டிய வழிகள் தானாகவே மூடப்பட வேண்டும்; பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். குளிக்கத் தடை உள்ள இடங்களில் வெறும் பலகை போதாது, விடுமுறை நாட்களில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதே போல, காட்டுத் தீ பருவத்தில் வழிகளை மூடுவதை நாங்கள் முழுமனதோடு ஏற்கிறோம். கோடையில் இந்த முள்காட்டு வெயிலில் நடப்பது எப்படியும் நல்லதல்ல.

கடைசியாக மூன்று சிறிய வேண்டுகோள்கள். இணையப் பதிவு இருக்கட்டும்; அதோடு, இணையம் பழகாதவர்களுக்காக ஒவ்வொரு நாளும் சில இடங்களைப் பூண்டியில் நேரடியாகப் பதிய ஒதுக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் மாதம் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். புறநகர் ரயிலில் திருவள்ளூர் வரை எளிதாக வந்துவிடலாம். அங்கிருந்து ஞாயிறு காலையில் சீக்கிரம் புறப்படும் ஒரு பேருந்துக்குத் தாங்கள் போக்குவரத்துத் துறைக்குப் பரிந்துரைத்தால், கார் இல்லாத குடும்பங்களும் வர முடியும்.

பாதை சீரமைப்பு, குப்பை அகற்றுதல், கம்பம் நடுதல் போன்ற பணிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உடலுழைப்புத் தர நாங்கள் தயாராக இருக்கிறோம். துறை ஊழியர் ஒருவர் மேற்பார்வையில், சொல்கிற இடத்தில் மட்டும் வேலை செய்வோம்.

எனவே, இந்த மனுவைக் கனிவுடன் பரிசீலித்து, கூட்டுக் கள ஆய்வுக்கு ஒரு தேதி குறித்துத் தருமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இடம்: சென்னை
நாள்:

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர்கள் கையொப்பம் – தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது)

நகல்:
மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர்
நீர்வளத் துறை, சென்னை
தொல்லியல் துறை, சென்னை