கிளம்புவதற்கு முன் முன்சக்கரத்தை ஆட்டிப் பார்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாமல் இருந்தது தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். ராணி தேறிவிட்டாள். பாலு அதே பழைய பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறான்.

இன்று உட்கார்ந்து எழுதக் காரணம் உன் கடிதத்தின் கடைசி வரி. வண்டியைத் திருப்பும்போது கதவுக் கீல் மாதிரி முனகுகிறது, மலைக்குக் கிளம்புமுன் கொஞ்சம் கிரீஸ் அடித்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாயே. கிரீஸ் அடி. ஆனால் அடித்த கையோடு கிளம்பிவிடாதே. ஒரே வருடம், ஒரே மாடல் கார் வாங்கினோம். எனக்கு வந்தது உனக்கும் வந்திருக்கலாம்.

எனக்கு மழைக்காலம் முடிந்ததும் ஆரம்பித்தது. வண்டியை நிறுத்த ஸ்டீயரிங்கை ஒடித்தால் இடது பக்கம் ஒரு முனகல். அப்புறம் திருப்பம் முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் மந்தமாயிற்று. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். "அது மூடி சீல் வைத்த பால் ஜாயிண்ட் சார், கிரீஸ் ஏற்ற நிப்பிள் கிடையாது, ஒன்றும் பண்ண முடியாது. உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். உடைந்தால்! சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மின் முனையில், கிண்ணத்துக்குள் குண்டு சுழல்கிற அந்தப் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும், அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்து என்ன பண்ணுவது? ரெண்டு நாள் கோபம் அடங்கவில்லை.

நானே பார்த்துவிடுவது என்று இறங்கினேன். மகள் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைக்க, நான் ஜாயிண்ட் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் முனகலோடு சேர்ந்து விரலுக்கடியில் நறநறவென்று ஓர் அதிர்வு. வலது பக்கம் ஒன்றுமில்லை.

நீயாக இருந்தால் நேரே கிரீஸ் கன்னைத் தூக்கியிருப்பாய், உன் கைவேகத்துக்கு அந்தப் பச்சை மொபெட்டே சாட்சி. வேண்டாம். கையால் அடிக்கிற சாதாரண கன்னே சதுர அங்குலத்துக்கு 5,000 பவுண்டுக்கு மேல் அழுத்தும். டயருக்கு நாம் அடிப்பது 30 சொச்சம்தான். ஜாயிண்டை மூடியிருக்கும் அந்த மெல்லிய ரப்பர் உறை, அதுதான் பூட், எப்படித் தாங்கும்? நான் முனை மழுங்கிய ஊசி போட்ட சிரிஞ்சில் 2-ஆம் எண் லித்தியம் கிரீஸை அடைத்துக்கொண்டேன். பூட்டைக் குத்தக் கூடாது, குத்தினால் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் போகும். பூட்டின் உதடு, குண்டிலிருந்து வெளியே நீளும் தண்டைக் கவ்வியிருக்கும் இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, உதட்டுக்கடியில் ஊசியைச் சறுக்கிவிட வேண்டும். மெதுவாக அழுத்தினால், வாயில் காற்றை அடக்கினால் கன்னம் உப்புகிற மாதிரி பூட் லேசாக உப்பும். அங்கேயே நிறுத்திவிடு.

வலது பக்கம் உதட்டோரம் கசிந்த பழைய கிரீஸ் கறுப்பாக, வழவழவென்று இருந்தது. இடது பக்கம் முதலில் துருத் தண்ணீர், பிறகு செம்மண் சேறு மாதிரி ஒன்று. விரலிடையில் தேய்த்தால் மணல். பூட்டின் மடிப்பில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி நகநீளத்துக்கு ஒரு கீறல். சேறு நின்று புது கிரீஸ் வரும்வரை அழுத்தினேன். சத்தம் போயிற்று, ஸ்டீயரிங் லேசாயிற்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பத்தாவது நாள் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்'. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். கையில் தெளிவாக ஒரு தட்டல். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் ஒன்றுமில்லை, ஆக சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்ட் நன்றாக இருக்கிறது, ஆட்டம் பால் ஜாயிண்டில்தான். செல்வம், கிரீஸ் போட்ட அன்றைக்கே அந்த ஆட்டம் இருந்திருக்கும். முனகி முனகிச் சொல்லிக்கொண்டிருந்ததன் வாயை நான் அடைத்துவிட்டேன். பத்து நாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

மாற்றியாயிற்று. கழற்றியதைக் கேட்டு வாங்கிவந்து ரம்பத்தால் அறுத்துப் பார்த்தேன். நான் ஏற்றிய கிரீஸ் தண்டின் கழுத்தைச் சுற்றிப் புத்தம் புதிதாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. உள்ளே குண்டின் ஒரு பக்கம் துரு தின்று குழிகுழியாக இருந்தது, அதே பக்கம் பிளாஸ்டிக் கிண்ணமும் தேய்ந்துவிட்டது. குண்டு கிண்ணத்துக்குள் அவ்வளவு இறுக்கமாக இருப்பதால், பூட் வழியாகப் போட்டது அங்கே போய்ச் சேரவே இல்லை. வெளியே நின்று தண்ணீரைத் தடுக்கத்தான் அது உதவும். பூட் கிழியாத ஜாயிண்டுக்கு அதுவே பெரிய உதவி. வலது பக்கத்துக்கும் டை ராட் எண்ட் ரெண்டுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறேன், அவை இன்னும் ஓடும் என்று நம்புகிறேன்.

ஆகவே முதலில் ஆட்டிப் பார், அப்புறம் ஊசியை எடு. துளி ஆட்டம் இருந்தாலும் கிரீஸ் வேண்டாம், ஜாயிண்டையே மாற்றிவிடு. டை ராட் எண்டை மாற்றினால் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்டும் பார்த்துவிடு. ஸ்ப்ரே எண்ணெயைக் கிட்டே கொண்டுபோகாதே, மிச்சம் இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும்.

கிளம்புகிற தேதியை உடனே எழுது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் வந்துவிடுகிறேன். ஸ்டாண்ட் ரெண்டும் நான் கொண்டுவருகிறேன். நான் வருவதற்குள் செங்கல்லை அடுக்கி வண்டிக்கடியில் படுத்துவிடாதே.

அன்புடன்,
மணி