காதுகுத்துக்கு நாள் குறிச்சாச்சு

கண்ணு,

அக்கா புள்ளையோட காதுகுத்துக்கு நாள் குறிச்சாச்சு. தை மூணாவது ஞாயிறு, பச்சையம்மன் கோயில்ல. அக்கா குரூப்ல போட்டதுக்கு எல்லாரும் பதில் போட்டுட்டாங்க, துபாய்ல இருக்கற சின்ன மாமா கூட லீவு சொல்லியாச்சாம், உன்கிட்ட இருந்து மட்டும் ஒண்ணும் வரல. பாத்துட்டேன்னு நீல டிக் காட்டுதுன்னு அக்கா என்கிட்ட வந்து கேக்கறா. வேலை அதிகமா இருக்கும், அவனே போன் பண்ணுவான்னு நானே சமாளிச்சு வச்சிருக்கேன்.

அத விடு, உடம்பு எப்படி இருக்கு. அன்னைக்குப் பேசினப்ப குரலே இல்ல, என்னடான்னா தலைவலிங்கற, சாப்பிட்டியான்னா ஆறு மணிக்கே ஆச்சுங்கற. ஆறு மணிக்கு சாப்பிட்டுட்டு நடு ராத்திரி வரைக்கும் லேப்டாப் முன்னாடி உக்காந்தா எப்படிப்பா தாங்கும், பத்தாவது படிக்கறப்பவே அல்சர்னு வேலூர்ல காட்டி மாசக்கணக்குல மாத்திரை சாப்பிட்ட உடம்பு அது. ஆவணி கடைசில பத்து நாளும் இப்படித்தான் இருந்தே, கேட்டதுக்கு சும்மா விரதம்னு சொல்லி போன வச்சுட்டே. என்ன விரதம்னு நான் கேக்கல. வெறும் வயித்துல காபி குடிக்காத, ஒரு வாழைப்பழமாவது பக்கத்துல வச்சுக்க.

இங்க புரட்டாசி, வீட்ல கவிச்சி கிடையாது. அப்பா சனிக்கிழமை ஒரு பொழுது இருக்கறாரு. அவருக்கு முட்டி வலி பரவால்ல. தெருவுல எல்லார்கிட்டயும் என் புள்ள மெட்ரோ கார்டு போட்டுக் குடுத்து அவங்க அம்மாவுக்கு டெல்லி பூரா கோயில் சுத்திக் காட்டினான்னு சொல்லிட்டு திரியறாரு, உன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டாரு, உனக்குத்தான் தெரியுமே.

மாசில டெல்லிக்கு வந்துட்டு வந்தது எனக்கு இன்னும் கண்ணுலயே இருக்கு. வந்த அன்னைக்கே ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு கூட்டிட்டுப் போனே பாரு, அதுக்கே உனக்குப் புண்ணியம். அத்தனை இந்தி போர்டுக்கு நடுவுல பெருசா யாமிருக்க பயமேன்னு தமிழ்ல பாத்ததும் எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு. நம்ம ஜனங்க வேலைக்குன்னு அங்க போய் காசு சேத்து, அந்தக் குன்னு மேல சாமிமலை முருகன கொண்டு போய் வச்சு 1973ல கும்பாபிஷேகம் பண்ணியிருக்காங்கன்னா அது சின்ன காரியமா. கிருத்திகைக்கு கிருத்திகை அங்க ஒரு எட்டு போயிட்டு வான்னு சொன்னேன், போறியா? அப்பா காவடி எடுத்து வேண்டிக்கிட்டுப் பொறந்தவன் நீ, அத மறந்துறாத.

கன்னாட் பிளேஸ் அனுமார் கோயில்ல 1964ல ஆரம்பிச்ச ராம ஜபம் இன்னைக்கு வரைக்கும் ராத்திரி பகலா நிக்காம நடக்குதுன்னு சொன்னியே, அங்க உக்காந்திருந்த நேரந்தான் மனசு நிம்மதியா இருந்துச்சு. அக்ஷர்தாம் பெருசுதான், இல்லன்னு சொல்லல, யானையும் தூணுமா அந்தக் கல் வேலை பாக்கறவங்களுக்கு வாய் அடைச்சுப் போகும், ஆனா போன வாங்கி வச்சுக்கிட்டு வரிசைல நிக்க வச்சதுல சாமி கும்பிட்ட மாதிரியே எனக்கு இல்ல. பிர்லா மந்திர்ல நீ சொன்ன விஷயம் ரொம்ப பிடிச்சது. எல்லா ஜாதிக்காரங்களையும் உள்ள விடுவோம்னு ஒத்துக்கிட்ட பிறகுதான் காந்தி 1939ல வந்து தொறந்து வச்சாருன்னு சொன்னே இல்ல, அத இங்க வந்து அப்பாகிட்டயும் சொன்னேன். நல்ல காரியம்தான்னாரு. அவர் அப்படிச் சொன்னத உனக்குத் தெரியப்படுத்தணும்னுதான் எழுதறேன்.

லால் மந்திருக்கு வர்றேன். செங்கோட்டைக்கு நேர் எதுக்க, செவப்புக் கல்லுல, டெல்லியிலயே பழைய ஜைனக் கோயில், ஷாஜகான் காலத்துலயே வந்ததுன்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தே. எனக்கு கதைய விட உன்னப் பாக்கறதுதான் வேலையா இருந்துச்சு. வாசல்ல யாரும் சொல்லாமயே பெல்ட்ட கழட்டினே, பர்ஸ எடுத்து செருப்பு வைக்கற எடத்துல குடுத்தே, என் ஹேண்ட்பேக்ல தோல் இருக்கான்னு தடவிப் பாத்தே. உள்ள போனதும் அரிசிய கைல எடுத்து பலகை மேல அஞ்சு சின்னக் குவியலா வச்சே, ஒண்ணு மேல ஒண்ணு சாயாம, பழகின கை மாதிரி. பார்சுவநாதர் முன்னாடி நின்னப்ப உன் உதடு அசைஞ்சுது. நமோ அரிஹந்தாணம்னு அந்த ஜைன மந்திரத்தத்தான் ஆரம்பிச்சே, எனக்குத் தெரியும். வந்தவாசில ஸ்கூல் படிக்கறப்ப பக்கத்து பெஞ்ச் பொண்ணு நயினார் வீட்டுப் பொண்ணு, தமிழ் ஜைனங்க, அவங்க பாட்டி தினம் சொல்றதக் கேட்டு கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். தண்ணிய துணில வடிகட்டாம குடிக்க மாட்டாங்க, கெழங்கு வாங்க மாட்டாங்க, வெளக்கு வைக்கறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சு அடுப்படிய கழுவி விட்டுருவாங்க. பொன்னூர் மலைக்கு என்னையும் கூட்டிட்டுப் போய் அவங்க முனிவர் குந்தகுந்தர் பாதத்த கும்பிட வச்சிருக்காங்க. எத்தனையோ தலைமுறையா தமிழ் பேசிக்கிட்டு நம்ம ஊர்லயே இருக்கறவங்க, அவங்க வீட்டு மோர் குடிச்சு வளந்தவதான் நான். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீ நெனைச்சுறாத.

அப்பறம் அங்கயே பக்கத்துல பறவை ஆஸ்பத்திரி. எனக்கு டெல்லியில எது மனசுல நிக்குதுன்னா அதுதான். கூண்டு கூண்டா புறா, ஃபேன்ல அடிபட்டது, பட்டம் விடற மாஞ்சா நூல் றெக்கைய அறுத்தது. அங்க வேலை பாக்கற தம்பி ஒரு புறாவ துணில சுத்தி, றெக்கைய விரிச்சு மஞ்சளா மருந்து போட்டுட்டு, அலகத் தொறந்து சொட்டு சொட்டா தண்ணி விட்டான், அது கண்ண மூடி மூடித் தொறந்துச்சு. கறி திங்கற பருந்து கழுகுக்கெல்லாம் மருந்து போட்டு அனுப்பிருவாங்களாம், உள்ள தங்க வைக்க மாட்டாங்களாம், சைவப் பறவைக்கு மட்டுந்தான் கூண்டாம். கொணமானா கொண்டு வந்தவங்களுக்கு திருப்பித் தராம வானத்துல விட்டுருவாங்களாம். இதெல்லாம் நீ சொல்லிட்டு இருக்கறப்பவே அந்தத் தம்பி உன்னப் பாத்து சிரிச்சு, ஆஜ் அகேலேன்னு கேட்டான். நீ சட்டுன்னு என்னக் காட்டி மம்மின்னு சொன்னே. டிவில இந்தி சீரியல் பாத்தே அந்தளவுக்கு எனக்கு இந்தி வரும்பா. இன்னைக்கு தனியாவான்னுதானே கேட்டான். எப்பவும் யாரோட வருவேன்னு அங்கயே கேட்டிருக்கலாம், நீ மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிட்டே, நானும் கேக்கல. ஸ்டேஷன்ல ஏத்தி விடற வரைக்கும் நீயும் சொல்லல.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சின்னப் புள்ளைல பென்சில் தொலைச்சாக் கூட ஓடி வந்து என்கிட்ட சொல்லுவே. இவ்வளவு பெருச ஒருத்தனா வச்சுக்கிட்டு பட்டினியும் கெடந்து தலைவலிய வரவழைச்சுக்கறே. விரதம் இருக்கறது தப்பில்ல, சாப்பாட்ட மாத்திக்கிட்டதும் தப்பில்ல. சொல்லாம இருந்தா அம்மா என்னென்னத்த நெனைப்பேன், சொல்லு.

காதுகுத்துக்கு நீ ஏன் வாயத் தொறக்கலன்னும் எனக்குத் தெரியும். முனீஸ்வரனுக்கு கிடா வெட்டறதுதானே. போன தடவ பெரியப்பா வீட்டு அண்ணன் புள்ளைக்கு முடி எறக்கினப்பவே நீ வண்டிலயே உக்காந்துட்டே, சாப்பிடவும் எறங்கல, பங்காளிங்கெல்லாம் டெல்லிக்காரன் மாறிட்டான்னு பேசினாங்க. நீ தாய்மாமன், கூடப் பொறந்தவன் நீ ஒருத்தன்தான், புள்ள உன் மடியில உக்காந்துதான் காது குத்தணும், வேற யார் மடியிலயும் உக்கார வைக்க மாட்டேன்னு அக்கா ஒத்தக் கால்ல நிக்கறா. அவ கேக்கறதும் நியாயந்தானே.

அதனால நானே பெரியப்பா வீட்டுக்கு நடந்து போயிட்டு வந்தேன். அம்மனுக்கு எப்பவும் சைவம்தான், பொங்கல் வச்சு காது குத்தறத காலைல அம்மன் சன்னதியில முடிச்சுக்கலாம், முனீஸ்வரனுக்கு உள்ளத அடுத்த வாரம் பங்காளிங்க தனியா செஞ்சுக்கட்டும்னேன். அவருக்கு கோவம் வந்துச்சு, வழக்கத்த மாத்தறதுக்கு நீ யாருன்னாரு, நானும் விடல. கடைசில பூசாரிய கேட்டுட்டு சரின்னுட்டாரு. இலைல வெங்காயம் பூண்டு இல்லாம ஒரு சாம்பார், வாழைக்காய் பொரியல், பாயசம், வடை. கெழங்கு எதுவும் வேணாம்னு சமையல்காரர்கிட்ட சொல்லியாச்சு. ஏன்னு கேட்டாரு, எங்க வீட்டு வழக்கம்னு சொல்லிட்டேன். மத்தியானத்துக்குள்ள பந்தி முடிஞ்சுரும், சாயந்தரம் இருட்டறதுக்கு முன்னாடி டிபனும் குடுத்துருவேன்.

அப்பாகிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. நீ சொல்லு, இல்ல என்ன சொல்லச் சொன்னா நான் சொல்றேன், ஆனா நேர்ல வந்து சொன்னாத்தான் அவருக்கு மரியாதையா இருக்கும். கோவிச்சுக்குவாரு, ரெண்டு நாள் பேச மாட்டாரு, மூணாவது நாள் அவரே மார்க்கெட் போய் நீ சாப்பிடற காய் எதுன்னு பாத்து வாங்கிட்டு வருவாரு.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல 60 நாளைக்கு முன்னாடி புக்கிங் தொறக்குமாமே, தொறந்த அன்னைக்கே போட்டுரு, பொங்கல் கூட்டம். ஒரு டிக்கெட்டா ரெண்டு டிக்கெட்டான்னு எனக்கு மட்டும் தனியா மெசேஜ் போடு, குரூப்ல வேணாம். ரெண்டுன்னா அக்கா வீட்டு மாடி ரூம்ல இருக்கற நெல் மூட்டைய எறக்கணும், பாத்ரூம் குழாயும் ஒழுகுது, ஆள் சொல்லணும், அதுக்குத்தான் கேக்கறேன்.

சாப்பிடு.

அம்மா