தூள் யாருடைய மூளையையும் தீட்டுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் வந்த துப்பறியும் நாவல் மதிப்புரை பற்றி எழுதுகிறேன். எந்த நாவல் என்று தங்களுக்குத் தெரியும். அதன் பெயரை நான் எழுதினால் வாசகர்களுக்குக் கொலையாளியின் பெயரும் கூடவே நினைவுக்கு வரும். தங்கள் மதிப்புரையாளர் மூன்றாம் பந்தியிலேயே அதைச் சொல்லிவிட்டார்.

அந்த நாவலின் துப்பறிவாளன் தூளுக்கு, அதாவது ஹெரோயினுக்கு, அடிமையானவன். "தூள் ஏறியதும் அவனுடைய மூளை சாணை பிடித்த கத்தியாகிவிடுகிறது" என்று மதிப்புரையாளர் எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரியால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் 31 வருடங்கள் மருந்தாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். அந்த நாவலைக் கொழும்பிலிருந்து தருவித்து இரண்டு தரம் வாசித்தவள். அப்படி ஓர் இடம் அதில் இல்லவே இல்லை. தூள் எடுத்த நேரமெல்லாம் அந்த மனிதன் கதிரையில் தலை தொங்கக் கிடக்கிறான். அவன் தேடிய சாட்சி வாசலால் வந்து போகிறார், இவனுக்குத் தெரியவில்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடப்பவன் எதைக் காணப் போகிறான்? அவனுக்குத் துப்புக் கிடைப்பதெல்லாம் தூள் கிடைக்காமல் அலையும் பொழுதுகளில்தான். அடகுக்கடைக்காரரின் முகத்தைப் பார்த்தே எது களவுப் பொருள் என்று சொல்கிறான். அந்தப் படியில் அவனே எத்தனை தரம் ஏறியிருப்பான்!

சாவுவீட்டுக் காட்சியை "வலிந்து திணித்த அருவருப்பு நகைச்சுவை" என்று தள்ளிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அவன் மூன்று தரம் கழிவறைக்கு ஓடுகிறான். மூன்றாம் தரம் அதன் யன்னலால் ஒன்றைக் காண்கிறான். என்னவென்று நான் சொல்லமாட்டேன், வாசிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெரோயின் குடலைக் கட்டிப்போடும். அது நின்று எட்டுப் பத்து மணித்தியாலத்தில் கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், உடம்பு புல்லரிக்கும். பிறகு வயிறு கழியத் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாட்களில்தான் கடும் வேதனை. நாவலாசிரியர் இந்த ஒழுங்கைக்கூடப் பிசகாமல் எழுதியிருக்கிறார். நான் அந்தப் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தேன், அடுத்த பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

போதைக்கு அடிமையான துப்பறிவாளன் உலக இலக்கியத்துக்கே புதியவன் என்றும் எழுதியிருக்கிறார். 1890 இல் வந்த கொனன் டொயிலின் இரண்டாவது ஹோம்ஸ் நாவல், ஷெர்லக் ஹோம்ஸ் 7 சதவீதக் கொக்கெய்ன் கரைசலை ஊசியால் தன் கையில் ஏற்றிக்கொள்வதில்தான் தொடங்குகிறது. அன்றைய இங்கிலாந்தில் அது சட்டவிரோதம் அல்ல. அப்படியிருந்தும் ஹோம்ஸின் நண்பர் டொக்டர் வாட்சன் அந்த முதல் அத்தியாயத்திலேயே அவரைக் கண்டிக்கிறார். இது துப்பறியும் கதை வாசிக்கும் எவருக்கும் தெரிந்த விடயம்.

நாங்கள் வாசித்து வளர்ந்தவர்கள், ஐயா. தொண்ணூறுகளில், யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில், மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி இருந்து, அட்டை கழன்ற துப்பறியும் நாவல்களைக் கைமாற்றி வாசித்தோம். ஷெல் விழுந்த இரவுகளில் பங்கருக்குள் இருந்துகொண்டு, கொன்றது யார் என்று பந்தயம் கட்டினோம். முடிவை முந்திச் சொன்னவரோடு இரண்டு நாள் ஒருவரும் கதைக்கமாட்டோம். அந்த வாசிப்பை "மலிவு இரசனை" என்று இரண்டு வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதினார்கள். அதற்கு நான் அனுப்பிய பதில் இன்றுவரை வெளிவரவில்லை.

என் பெறாமகனுக்கு, தங்கையின் மகனுக்கு, இருபத்திரண்டு வயதில் இந்தப் பழக்கம் பிடித்தது. அவனுடைய பழைய பாடசாலைக் கொப்பிக்குள் சிகரெட் பெட்டி ஈயத்தாள்கள் இருந்தன. நகத்தால் நீவிச் சுருக்கம் எடுத்து, ஒரே அளவாக மடித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் தூளைச் சூடாக்கிப் புகை இழுத்த ஒரு மண்ணிறக் கோடு. படிக்கிற காலத்தில் கொப்பிக்கு உறை போடுவதில் அவன் அவ்வளவு நேர்த்தி. ஒருநாள் வளவில் இருந்த தண்ணீர் மோட்டார் காணாமற் போனது. அயலவர்களோடு டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கள்ளனைத் தேடியவன் அவன்தான். "இந்த இடத்தால்தான் மதில் ஏறியிருக்கிறான்" என்று காலடியைக்கூடக் காட்டினான். அது அவனுடைய காலடி. என் தங்கை அவனுக்கு இரவிரவாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். இன்று அவன் தெளிந்து வந்து இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறோம். தங்கை மட்டும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். இந்தச் சிரிப்பைத்தான் அந்த நாவல் எழுதியிருக்கிறது.

அவன் பிடிபட்ட அன்று ஒரு பத்திரிகை முகத்தை மறைக்காமல் படம் போட்டது. "போதை ஆசாமி" என்று தலைப்பு, ஊர், வயது எல்லாம் கொடுத்தது. அவனிடம் இருந்தது சில நூறு மில்லிகிராம். 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று இலங்கையில் 1984 இல் சட்டம் திருத்தினார்கள். அப்படியிருந்தும் அவனுக்கு விற்றவரின் படத்தை நான் இன்னும் எந்தப் பத்திரிகையிலும் காணவில்லை. அந்தப் படத்தோடு என் தங்கையின் மூத்த மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் நின்றுபோனது. அவன் மறுவாழ்வு முடித்துத் திரும்பியதை ஒருவரும் செய்தியாக்கவில்லை. இவ்வளவும் பட்ட வீட்டில் இருந்துகொண்டு, தூள் மூளையைத் தீட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பதினேழு பதினெட்டு வயதுப் பொடியன்களும் வாசிக்கிறார்கள், ஐயா.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். நூலின் விலையையும் யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள், மதிப்புரையில் அவை இல்லை. இனிமேல் துப்பறியும் நாவலின் முடிவைச் சொல்ல வேண்டாம் என்று எழுதுபவர்களிடம் சொல்லுங்கள். இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள். தங்கைக்கு இளைய மகளும் ஒருத்தி இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர்,
கோண்டாவில்.